பிக் பென்: கீழ நின்னு ஒரு போட்டோ போதுமா, மேல ஏறணுமா?

கேள்வி இதுதான்: லண்டன்ல ரெண்டு மூணு நாள்தான் இருக்கப் போறோம், கூட வயசான அப்பா அம்மாவும் பன்னெண்டு வயசுப் பையனும் வராங்க, பிக் பென் கீழ நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துடலாமா, இல்ல காசு கொடுத்து மேல ஏறிப் பாக்குற அளவுக்கு அதுல என்ன இருக்கு, அதோட கதை என்ன.

முதல்ல பதிலச் சொல்லிடுறேன். படி ஏற முடிஞ்சவங்க கண்டிப்பா மேல போங்க. முடியாதவங்க மணி அடிக்கிற நேரத்தப் பாத்து கீழ வந்து நில்லுங்க. எந்த நேரத்துலயோ வந்து, போன தூக்கி ஒரு செல்ஃபி எடுத்துட்டுப் போறது மட்டும் வேண்டாம், ஏன்னா அது சும்மா நிக்கிற ஒரு பழைய கட்டடம் இல்ல, 1859-ல ஓட ஆரம்பிச்ச ஒரு கடிகார மெஷின், அதே பல்சக்கரம், அதே பெண்டுலத்தோட இன்னிக்கும் ஓடிட்டிருக்கு, வாரத்துக்கு மூணு தடவ ஆளுங்க மேல ஏறிப் போய் சாவி கொடுத்துட்டு வராங்க. லண்டன்ல பழைய கட்டடத்துக்குப் பஞ்சமே இல்ல, ஆனா இத்தன வயசுல இன்னும் வேல பாக்குற மெஷின்னா இதுக்குப் பக்கத்துல வைக்கக் கொஞ்சம்தான் தேறும். அந்தக் கண்ணோட பாத்தாத்தான் இதோட அருமை புரியும்னு நான் நம்புறேன், அதனால மெஷினப் பத்தித்தான் நெறைய எழுதப் போறேன்.

பேர முடிச்சிடுவோம். பிக் பென்ங்கறது பார்லிமென்ட்டோட கடிகாரக் கோபுரத்துக்குள்ள தொங்குற பெரிய மணியோட பேரு. கோபுரத்தோட பேரு 2012 வரைக்கும் வெறும் க்ளாக் டவர், எலிசபெத் ராணியோட வைர விழா வருஷத்துல எலிசபெத் டவர்னு மாத்துனாங்க. மணிக்கு அந்தப் பேரு வந்தது அப்ப பொதுப்பணிக்குப் பொறுப்பா இருந்த பெஞ்சமின் ஹால்ங்கற ஆஜானுபாகுவான மனுஷனாலன்னு ஒரு கட்சி, பெஞ்சமின் கான்ட்ங்கற குத்துச்சண்டைக்காரராலன்னு இன்னொரு கட்சி. ஊர்ல எல்லாரும் மொத்தத்தையும் பிக் பென்னுதான் சொல்றாங்க, நானும் அப்படியே சொல்றேன்.

கதை ஒரு தீ விபத்துல ஆரம்பிக்குது. 1834 அக்டோபர் 16. அந்தக் காலத்துல அரசாங்கக் கணக்க மரக்குச்சில வெட்டு போட்டு வைக்கிற வழக்கம் இருந்துச்சு, அந்தப் பழைய குச்சிங்க மூட்ட மூட்டையா கெடந்தது, அத ஒழிச்சுக் கட்டணும்னு பிரபுக்கள் சபைக்குக் கீழ இருந்த அடுப்புல போட்டு எரிச்சாங்க, சூடு தாங்காம புகைபோக்கி வழியா தீ பரவி, பார்லிமென்ட் இருந்த பழைய வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைல பெரும்பகுதி ஒரே ராத்திரில போயிடுச்சு. புதுசா கட்ட நடந்த போட்டிக்கு 97 டிசைன் வந்துச்சு, அதுல சார்ல்ஸ் பேரிங்கற ஆர்க்கிடெக்ட் ஜெயிச்சாரு. கோபுரத்தோட அழகுக்கு, குறிப்பா அந்த கடிகார முகத்துக்கும் உச்சிக் கூரைக்கும், அகஸ்டஸ் பியூஜின் காரணம். பாவம் அந்த மனுஷன், கோபுரத்துக்கு வரைஞ்சு கொடுத்த கையோட மனநிலை பாதிக்கப்பட்டு 1852-ல நாப்பது வயசுலயே இறந்துட்டாரு, தான் வரைஞ்சது எழுந்து நின்னத அவர் பாக்கவே இல்ல.

1843 செப்டம்பர்ல அடிக்கல் போட்டாங்க. வெளிய சாரம் கட்டாம உள்ளுக்குள்ள இருந்தே மேல மேல கட்டிக்கிட்டுப் போனாங்க, அதனால அப்ப பாத்தவங்களுக்குக் கோபுரம் தானா வளருற மாதிரி இருந்திருக்கும். உயரம் 96 மீட்டர். வேல இழுத்துக்கிட்டே போய் 1859-லதான் முடிஞ்சுது. இந்தத் தாமதத்துக்கு அப்ப பார்லிமென்ட்லயும் பேப்பர்லயும் கிழி கிழின்னு கிழிச்சாங்க, ஆனா அந்தக் கடிகாரம் இவ்வளவு கரெக்டா ஓடுதுன்னா அதுக்கு அந்தத் தாமதமே ஒரு முக்கியக் காரணம். எப்படின்னு சொல்றேன்.

கடிகாரத்துக்கு என்ன தரம் வேணும்னு முடிவு பண்ற வேலைய ஜார்ஜ் ஏரிகிட்ட கொடுத்தாங்க, அவர் அரசாங்க வானியலாளர், கிரீன்விச் அப்சர்வேட்டரிக்குத் தலைவர். அவர் போட்ட கண்டிஷன் என்னன்னா, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விழற முதல் அடி ஒரு செகண்டுக்குள்ள கரெக்டா இருக்கணும், அது போக ஒரு நாளைக்கு ரெண்டு தடவ கடிகாரம் எப்படி ஓடுதுன்னு தந்தி மூலமா கிரீன்விச்சுக்குத் தெரியணும். கடிகாரம் செய்றவங்க எல்லாரும் இது நடக்காத காரியம்னு சொன்னாங்க. அவங்க சொன்னதுல நியாயம் இருக்கு. வீட்டுக்குள்ள வைக்கிற கடிகாரத்த கரெக்டா ஓட்டலாம், ஆனா கோபுரத்துல முள்ளு வெளிய வெட்டவெளில இருக்கு, காத்து ஒரு பக்கம் தள்ளும், மழை, பனி, பறவை எல்லாம் வந்து உக்காரும், அந்த அழுத்தம் முள்ளுல இருந்து பல்சக்கரம் வழியா உள்ள வந்து பெண்டுலத்த தொந்தரவு பண்ணும், பெண்டுலம் கொஞ்சம் தடுமாறுனாலே நேரம் போச்சு.

இதுக்கு வழி கண்டுபிடிச்சவர் தொழில்முறை கடிகாரக்காரரே இல்ல, ஒரு வக்கீல். எட்மண்ட் பெக்கெட் டெனிசன். யாரோடயும் ஒத்துப்போகாத, வாய்ச்சண்டைக்கு முதல் ஆளா நிக்கிற மனுஷன், ஆனா கடிகாரத்துல அபார ஞானம். அவர் டிசைன எட்வர்ட் டென்ட்ங்கற கடிகாரக்காரர் செய்ய எடுத்துக்கிட்டாரு, 1853-ல அவர் இறந்ததும் வளர்ப்பு மகன் ஃப்ரெடரிக் டென்ட் தொடர்ந்து 1854-ல கடிகாரத்த முடிச்சாரு. இங்கதான் அந்தத் தாமதம் கை கொடுத்துச்சு. கடிகாரம் ரெடி, வைக்கக் கோபுரம் இல்ல. அஞ்சு வருஷம் பட்டறையிலயே ஓட விட்டு, தப்பு பாத்து, மாத்தி மாத்தி சரி பண்ணாங்க. அந்த இடைவெளிலதான் டெனிசன் புவியீர்ப்பு விசைய வச்சு வேல செய்ற ஒரு எஸ்கேப்மென்ட்ட உருவாக்குனாரு.

எஸ்கேப்மென்ட்னா ஒண்ணுமில்ல, கடிகாரத்துல அந்த டிக் டிக் சத்தம் போடுற பாகம், பெண்டுலம் ஒவ்வொரு தடவ ஆடும்போதும் சக்கரத்த ஒரு பல்லு மட்டும் நகர விட்டு நிறுத்தும், அதே நேரத்துல ஆட்டம் நின்னுடாம இருக்க பெண்டுலத்துக்கு ஒரு சின்ன தள்ளு கொடுக்கும். சாதாரண கடிகாரத்துல அந்தத் தள்ளு சக்கரத்துல இருந்து நேரா வருது, சக்கரத்துல விசை கூடுனா தள்ளும் கூடும், குறைஞ்சா குறையும். டெனிசன் என்ன பண்ணாருன்னா நடுவுல எடை உள்ள ரெண்டு சின்னக் கைகள வச்சாரு. சக்கரத்தோட வேல அந்தக் கைய ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கி விடுறது மட்டும்தான், பெண்டுலத்த தள்ளுறது அந்தக் கை தன்னோட சொந்த எடையால கீழ இறங்கும்போது. கையோட எடையும் மாறாது, இறங்குற உயரமும் மாறாது, அதனால வெளிய புயலே அடிச்சு முள்ளத் தள்ளுனாலும் பெண்டுலத்துக்குப் போற தள்ளு எப்பவும் ஒரே அளவுதான். எவ்வளவு எளிமையான யோசனை பாருங்க. அதுக்கப்புறம் உலகம் பூரா நல்ல கோபுரக் கடிகாரம்னு செஞ்சவங்க பலபேரு இதே முறையத்தான் எடுத்துக்கிட்டாங்க.

பெண்டுலம் 4.4 மீட்டர் நீளம், 310 கிலோ, ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் போக ரெண்டு செகண்டு. அது மேல பழைய காலத்து பென்னி காசுங்கள அடுக்கி வச்சிருப்பாங்க. கடிகாரம் கொஞ்சம் லேட்டா ஓடுனா ஒரு காசு சேப்பாங்க, வேகமா ஓடுனா ஒண்ண எடுப்பாங்க. ஒரு பென்னி வச்சா ஒரு நாளைக்கு 0.4 செகண்டு வேகம் கூடும். பெண்டுலத்துக்கு மேல எடை வைக்கும்போது அதோட ஈர்ப்பு மையம் இத்தனூண்டு மேல ஏறுது, அதாவது பெண்டுலம் கொஞ்சம் குட்டையான கணக்கு, குட்டைப் பெண்டுலம் வேகமா ஆடும், அவ்வளவுதான் விஷயம். அஞ்சு டன் மெஷின ஒரு செப்புக் காசால திருத்துறாங்க. பையனக் கூட்டிட்டுப் போறீங்கன்னா இத முன்னாடியே சொல்லி வைங்க, மேல போய் அந்தக் காசு அடுக்க நேர்ல பாக்கும்போது ஸ்கூல்ல படிச்ச பெண்டுலம் பாடம் அவனுக்கு மறக்கவே மறக்காது.

இப்ப மணிக்கு வருவோம், இது தனிக்கதை. முதல் பெரிய மணிய 1856-ல ஸ்டாக்டன் பக்கத்துல நார்ட்டன்ங்கற ஊர்ல வார்னர்ஸ் கம்பெனி வாத்தாங்க, 16 டன். கப்பல்ல லண்டன் கொண்டு வந்து பார்லிமென்ட் முற்றத்துல தொங்க விட்டு அடிச்சுப் பாத்தாங்க, ஜனங்க கூட்டம் கூட்டமா வந்து கேட்டாங்க. டெனிசன் சும்மா இருக்கல, சுத்தியலோட எடைய ஏத்தச் சொன்னாரு. 1857 அக்டோபர்ல மணி விரிசல் விட்டுடுச்சு. தப்பு உன்னோடது என்னோடதுன்னு சண்ட, கடைசில அந்த மணிய உடைச்சு அதே உலோகத்த உருக்கி வைட்சேப்பல் ஃபவுண்டரிங்கற மணி வார்ப்புப் பட்டறைல 1858 ஏப்ரல் 10-ந்தேதி ரெண்டாவது மணிய வாத்தாங்க. அமெரிக்காவோட லிபர்ட்டி பெல்லும் முதல்ல அதே ஃபவுண்டரில வாத்ததுதான், அதுவும் விரிசல் விட்ட மணிதான். உருக்கின உலோகத்த அச்சுல ஊத்த 20 நிமிஷம், அது ஆற 20 நாள். எடை 13.7 டன், உயரம் 2.2 மீட்டர், வாய் அகலம் 2.7 மீட்டர். 16 குதிரை பூட்டுன வண்டில வெஸ்ட்மின்ஸ்டருக்கு இழுத்துட்டு வந்தாங்க, தெருவெல்லாம் வேடிக்க பாக்குற கூட்டம். கோபுரத்துக்குள்ள இருக்குற செங்குத்துப் பாதைல நேரா வச்சா நுழையாதுன்னு பக்கவாட்டுல படுக்க வச்சு மேல தூக்குனாங்க, 30 மணி நேரம் ஆச்சு.

1859 மே 31 கடிகாரம் ஓட ஆரம்பிச்சுது, ஜூலை 11 பெரிய மணி முதல் தடவையா ஒலிச்சுது. செப்டம்பர்லயே இந்த மணியும் விரிசல். மறுபடியும் சுத்தியல் எடைதான் பிரச்சனை, வாத்தவங்க சொன்ன அளவுக்கு ரெண்டு மடங்குக்கு மேல எடைய வச்சு அடிச்சிருக்காங்க. டெனிசன் ஒத்துக்கல, வார்ப்புலயே குறைன்னு ஃபவுண்டரி மேல பழி போட்டாரு, அவங்க அவதூறு கேஸ் போட்டு ஜெயிச்சாங்க. நாலு வருஷம் பெரிய மணி ஊமையா தொங்குச்சு, மணி நேரத்த அறிவிக்கிற வேலைய பக்கத்துல இருந்த சின்ன மணிகள்ல பெரிசா இருந்த ஒண்ணு பாத்துக்கிச்சு. கடைசில வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஒரு வழி சொன்னாரு: மணியக் கொஞ்சம் திருப்பி வைங்க, விரிசல் இல்லாத இடத்துல அடி விழட்டும், சுத்தியல் எடையக் குறைங்க, விரிசல் மேல பரவாம இருக்க அந்த இடத்துல ஒரு சின்ன சதுரம் வெட்டி எடுத்துடுங்க. அவ்வளவுதான் வைத்தியம். அதே விரிசலோடதான் இன்னி வரைக்கும் அடிக்குது, நீங்க கேக்குற அந்த லேசா கரகரப்பு கலந்த தனிக் குரலுக்குக் காரணம் அந்த விரிசல். ரெக்கார்டிங்ல எத்தன தடவ கேட்டிருந்தாலும் நேர்ல கேக்கும்போது, அடி விழுந்து முடிஞ்சப்புறம் நீண்டு வர்ற அந்த இழுவைலதான் வித்தியாசம் தெரியும்.

பெரிய மணிக்கு முன்னாடி கால் மணிக்கு ஒரு தடவ நாலு சின்ன மணிங்க ஒரு ட்யூன் அடிக்கும் இல்லையா, அந்த ட்யூன் இங்க பிறந்தது இல்ல, கேம்பிரிட்ஜ்ல கிரேட் செயின்ட் மேரிஸ் சர்ச்சுக்காக 1793-ல போட்டது, அங்க இருந்து எடுத்துக்கிட்டாங்க. இங்க வந்தப்புறம்தான் உலகம் பூரா போச்சு. நம்ம வீட்டுப் பழைய சுவர்க் கடிகாரங்க பலது அடிக்கிறதும் இதே ட்யூன்தான், அதனால உங்க அப்பா அம்மாவுக்கு அங்க நின்னு கேட்டதும் டக்குனு புரிஞ்சிடும், அவங்களுக்கு அது புதுச் சத்தமாவே இருக்காது.

உலகம் பூரா பிரபலமானதுக்கு அழகு மட்டும் காரணம் இல்ல, ரேடியோதான் பெரிய காரணம். 1923 டிசம்பர் 31 நடுராத்திரி பிபிசி இன்ஜினியர் ஒருத்தர் எதிர்க் கட்டடத்து மொட்டை மாடில மைக்கோட ஏறி நின்னு புத்தாண்டு மணிய நேரடியா ஒலிபரப்புனாரு. அது புடிச்சுப் போய் அப்புறம் கோபுரத்துக்குள்ளயே மைக் வச்சுட்டாங்க. ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன் விமானத்துக்கு அடையாளம் தெரியக் கூடாதுன்னு 1939-ல இருந்து 1945 ஏப்ரல் வரைக்கும் கடிகார முகத்துல வெளிச்சம் போடல, ஆனா மணி அடிக்கிறத நிறுத்தல. 1940 நவம்பர்ல இருந்து ராத்திரி 9 மணி நியூஸுக்கு முன்னாடி மணி ஒலிக்கிற அந்த ஒரு நிமிஷம் ஜனங்க எல்லாரும் மௌனமா பிரார்த்தனை பண்ணாங்க. 1941 மே மாசம் குண்டு விழுந்து பார்லிமென்ட்டோட மக்கள் சபை மண்டபமே தரைமட்டம் ஆச்சு, கடிகாரத்தோட தெற்குப் பக்க முகத்துல கண்ணாடி உடைஞ்சுது, மெஷின் பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு. போர்க்காலத்துல எங்கெங்கயோ உக்காந்து ரேடியோல அந்தச் சத்தத்த கேட்டவங்களுக்கு, லண்டன் இன்னும் நிக்குதுங்கறதுக்கு அத விட வேற சாட்சி தேவைப்படல. இப்பவும் பிபிசி ரேடியோ 4-ல சாயங்காலம் 6 மணிக்கும் நடுராத்திரிக்கும் நேரடியா வருது.

இவ்வளவு நல்ல மெஷினும் நின்ன நாள் உண்டு. 1949-ல ஸ்டார்லிங்னு ஒரு சின்னப் பறவைக் கூட்டம் நிமிஷ முள்ளு மேல வரிசையா உக்காந்து நாலரை நிமிஷம் லேட் ஆக்கிடுச்சு. 1960-களோட ஆரம்பத்துல ஒரு புத்தாண்டு ராத்திரி முள்ளு மேல பனி உறைஞ்சு புது வருஷமே கொஞ்சம் தாமதமாத்தான் பிறந்துச்சு. பெரிய அடி 1976 ஆகஸ்ட் 5, விடியக்காலை 3.45. கால் மணி ட்யூன் அடிக்கிற பகுதில வேகத்தக் கட்டுப்படுத்துற விசிறியோட தண்டு, நூறு வருஷத்துக்கு மேல முறுக்கு வாங்கி வாங்கி உலோகம் களைச்சுப் போய் முறிஞ்சிடுச்சு. பிரேக் இல்லாமப் போச்சு, மெஷின ஓட்டுறதுக்காகத் தொங்க விட்டிருக்குற, ஒரு டன்னுக்கு மேல இருக்குற பாரம் மொத்தமும் குழிக்குள்ள சரசரன்னு இறங்க, மெஷின் தலைதெறிக்க சுத்தி, இரும்புத் துண்டுங்க ரூம் பூரா பறந்து சுவர்லயும் கூரைலயும் குத்தி நின்னுச்சு. அந்த நேரத்துல உள்ள யாரும் இல்லாதது பெரிய புண்ணியம். சரி பண்ணி மறுபடி முழுசா ஓட்ட 1977 மே 9 ஆச்சு. மேல போறப்ப இந்த விபத்தப் பத்தி கைடுகிட்ட கேளுங்க, அந்த ரூம்லயே நின்னு கேக்கும்போது வேற மாதிரி இருக்கும்.

இன்னொரு விஷயம், இத யாரும் அதிகமா சொல்றதில்ல, நம்ம ஆளுங்களுக்குக் கண்டிப்பா தெரியணும். இந்தக் கோபுரத்துக்குள்ள ஒரு சிறை அறை இருந்துச்சு, பார்லிமென்ட் விதிய மீறுன உறுப்பினர்கள அடைக்கிறதுக்கு. கடைசியா 1880-ல அதுல இருந்தவர் சார்ல்ஸ் பிராட்லா, நாத்திகர், எம்.பி.யா பதவி ஏக்கும்போது கடவுள் பேர்ல சத்தியம் பண்ற விஷயத்துல வந்த தகராறுல ஒரு ராத்திரி உள்ள இருந்தாரு. இதே பிராட்லாதான் பின்னாடி பார்லிமென்ட்ல இந்தியாவுக்காக விடாம பேசி 'இந்தியாவின் உறுப்பினர்'னே பேர் வாங்குனவர், 1889-ல பம்பாய்ல நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தாரு. 1891-ல அவர் இறந்தப்ப லண்டன்ல சட்டம் படிச்சிட்டிருந்த இளைஞர் காந்தி அந்த இறுதிச் சடங்குக்குப் போயிருந்தாரு. கோபுரத்த அண்ணாந்து பாக்கும்போது இதையும் நெனச்சுக்கோங்க.

கீழ நடந்த ஒரு வேலையும் சொல்லணும். 1990-கள்ல ஜூபிலி லைன் ரயிலுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷன கோபுரத்துக்குப் பக்கத்துலயே கிட்டத்தட்ட 39 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டுனாங்க. அவ்வளவு பக்கத்துல அவ்வளவு ஆழத்துக்குத் தோண்டுனா கோபுரம் சாய்ஞ்சிடுமேன்னு, அஸ்திவாரத்துக்குக் கீழ குழாய் விட்டு, கோபுரம் எந்தப் பக்கம் எவ்வளவு இறங்குதுன்னு அளந்து அளந்து அதுக்கு ஏத்த மாதிரி சிமெண்ட் கலவைய செலுத்தி நிமித்திப் புடிச்சாங்க. அதுக்கு வழிகாட்டுனவர் ஜான் பர்லேண்ட், பீசா சாய்ந்த கோபுரத்தக் காப்பாத்துன வேலைலயும் இவர் உண்டு. அந்த ஸ்டேஷன்லதான் நீங்க இறங்கப் போறீங்க, எஸ்கலேட்டர்ல மேல வரும்போது சுத்தியும் அந்த ராட்சச கான்கிரீட் தூணுங்கள ஒரு பார்வை பாருங்க.

2017 ஆகஸ்ட்ல இருந்து 2022 வரைக்கும் பெரிய மராமத்து. முதல்ல சுமார் 29 மில்லியன் பவுண்ட் ஆகும்னு சொன்னாங்க, குண்டுவீச்சுல வந்த சேதம், ஆஸ்பெஸ்டாஸ்னு உள்ள போகப் போக வேல கூடி கடைசில கிட்டத்தட்ட 80 மில்லியன்ல வந்து நின்னுச்சு. கடிகாரத்தையே முதல் தடவையா முழுசா கழட்டி, ஆயிரத்துக்கும் மேல பாகம், வட இங்கிலாந்துல கம்ப்ரியாவுக்குக் கொண்டு போய் சுத்தம் பண்ணி திரும்ப மாட்டுனாங்க. நம்ம எல்லாரும் பழைய போட்டோல பாத்த அந்தக் கறுப்பு முள்ளு, கறுப்பு எண் எல்லாம் உண்மைல கறுப்பே இல்லன்னு அப்பதான் தெரிஞ்சுது. பெயின்ட் அடுக்க ஒவ்வொண்ணா ஆராய்ஞ்சு பாத்தா அடியில 1859-ல அடிச்ச ப்ரஷ்யன் நீலம். லண்டன் புகைல கறுத்துப் போக, அப்புறம் வந்தவங்க கறுப்பே அடிச்சு விட்டிருக்காங்க. இப்ப மறுபடி நீலமும் தங்கமுமா ஜொலிக்குது. சில பேரு பழைய கறுப்புதான் கம்பீரம்னு சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, வெயில் அடிக்கும்போது அந்த நீலத்த ஒரு தடவ பாத்தா பியூஜின் என்ன நெனச்சு வரைஞ்சாருன்னு புரியும்.

முகத்த நல்லா உத்துப் பாருங்க. ஒவ்வொண்ணும் 7 மீட்டர் அகலம், பால் நிறக் கண்ணாடி 324 துண்டு, நாலு முகத்துக்கும் சேத்து 1,296. நிமிஷ முள்ளு செம்புத் தகட்டுல செஞ்சது, 4.2 மீட்டர். முதல்ல வார்ப்பு இரும்புல செஞ்சு மாட்டிப் பாத்தாங்க, கடிகாரத்தால இழுக்க முடியல, அதனால மாத்துனாங்க. நாலாம் எண்ண பல கடிகாரத்துல நாலு கோடா போட்டிருப்பாங்க, இங்க ஐக்குப் பக்கத்துல வி போட்ட மாதிரி எழுதியிருக்கும், அதையும் கவனிங்க. ஒவ்வொரு முகத்துக்குக் கீழயும் தங்க எழுத்துல லத்தீன்ல ஒரு வரி ஓடும், கடவுளே எங்க விக்டோரியா ராணியக் காப்பாத்துன்னு அர்த்தம். இதெல்லாம் கீழ இருந்து வெறும் கண்ணுக்குச் சரியா தெரியாது, ஒரு சின்ன பைனாகுலர் இருந்தா எடுத்துட்டுப் போங்க, இல்ல போன் கேமராவுல ஜூம் பண்ணுங்க.

இப்ப மேல ஏறுறதப் பத்தி. முன்னாடியெல்லாம் இங்கிலாந்துல வசிக்கிறவங்க தங்களோட எம்.பி. மூலமா மனு போட்டுத்தான் ஏற முடியும், வெளிநாட்டுக்காரங்களுக்கு வழியே இல்ல. மராமத்து முடிஞ்சு 2023-ல திறந்தப்புறம் யார் வேணா டிக்கெட் வாங்கலாம், அப்ப பெரியவங்களுக்கு 25 பவுண்ட் இருந்துச்சு, அதுக்கப்புறம் ஏத்திட்டாங்க, பார்லிமென்ட்டோட சொந்த வெப்சைட்ல இப்ப என்ன ரேட்னு பாத்துக்கோங்க. டிக்கெட்ட மாசத்துக்கு ஒரு தடவ மொத்தமா வெளிய விடுவாங்க, சீக்கிரம் தீர்ந்துடும், அதனால விசா வேல ஆரம்பிக்கும்போதே இதையும் லிஸ்ட்ல போட்டுக்கணும். 11 வயசுக்குக் கீழ பசங்கள விடமாட்டாங்க, உங்க பையனுக்குப் பிரச்சனை இல்ல. டூர் ஒன்றரை மணி நேரம். மணி இருக்குற இடத்துக்கு 334 படி, குறுகலான கல் சுழல் படி, விசிட்டருக்கு லிஃப்ட் கிடையாது. நடுநடுவுல ரூம்ல நிறுத்தி கதை சொல்லிக் கூட்டிட்டுப் போவாங்க, மூச்சு வாங்குறதுக்கு இடம் இருக்கு, ஆனா முழங்கால் வலி, தலைசுத்தல், இதயக் கோளாறு இருக்குறவங்க ஆசைப்பட்டு ஏற வேண்டாம், பாதில திரும்புறது கஷ்டம். பையையும் போனையும் கீழ லாக்கர்ல வச்சுட்டுப் போகணும், அத நான் நல்லதுன்னுதான் சொல்லுவேன், எல்லாரும் கண்ணாலயும் காதாலயும் மட்டும் பாக்குற இடம் இப்பல்லாம் எங்க கெடைக்குது.

உள்ள போனா முதல்ல மனசுல நிக்கிறது கடிகார முகத்துக்குப் பின்னாடி இருக்குற அந்த ஒடுக்கமான நடைபாதை. வெள்ளைக் கண்ணாடி வழியா வெளிச்சம் சலிச்சு வரும், முள்ளோட நிழல் மட்டும் பெரிசா கண்ணாடில நகரும். அப்புறம் மெஷின் ரூம், அங்க எஸ்கேப்மென்ட்டோட அந்த ரெண்டு கை ஏறி இறங்குறத பக்கத்துல நின்னு பாக்கலாம், மேல சொன்னதெல்லாம் படிச்சுட்டுப் போனீங்கன்னா அந்த நொடி ரொம்ப நல்லா இருக்கும். கடைசியா மணிக் கூடம். காதுக்கு அடைப்பான் கொடுப்பாங்க, போட்டுக்கோங்க, வீரம் காட்டாதீங்க, 200 கிலோ சுத்தியல் விழும்போது 118 டெசிபல். சத்தம் காதுல கேக்குறத விட நெஞ்சுல வந்து இடிக்கும், நிக்கிற தரைல அதிர்வு தெரியும்.

மேல ஏறாதவங்களுக்கு ஒரு நல்ல ஏற்பாடு சொல்றேன். நீங்களும் பையனும் மேல போங்க, அப்பா அம்மாவ ஆத்துக்கு அந்தப் பக்கம், செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரிக்கு முன்னாடி இருக்குற கரையோர நடைபாதைல பெஞ்சுல உக்கார வைங்க. தேம்ஸுக்கு அக்கரைல மொத்த பார்லிமென்ட்டும் கோபுரமும் முழுசா தெரியும், வண்டிச் சத்தம் கம்மி, மணி நல்லா கேக்கும். பாலத்து மேல நின்னு கேக்குறத விட இங்க எவ்வளவோ மேல், பாலத்துல கூட்டம் தள்ளும், கப்பு வச்சு பந்து ஒளிக்கிற சூதாட்ட ஏமாத்துக்காரங்க வேற நிப்பாங்க, அவங்ககிட்ட நின்னு வேடிக்க கூட பாக்காதீங்க, பர்ஸ் பத்திரம். பாலத்தோட இதே பக்கத்துல படிக்கட்டுக்குக் கீழ ஒரு வளைவுப் பாதை இருக்கு, அதுக்குள்ள இருந்து கோபுரத்த ஃப்ரேம் பண்ணி எல்லாரும் போட்டோ எடுக்குறாங்க, அதுக்குக் காலைல சீக்கிரம் போனாத்தான் இடம் கெடைக்கும்.

நேரம்னு பாத்தா பகல் 12 மணி, ஏன்னா அப்பதான் பன்னெண்டு அடியும் கேக்கலாம். பத்து நிமிஷம் முன்னாடியே போயிடுங்க, 11.45-க்கு முக்கால் மணி ட்யூனும் கெடைச்சா இன்னும் நல்லது. ஒரு விஷயம் தெளிவா வச்சுக்கோங்க, நேரத்துக்குக் கணக்கு அந்த நாலு சின்ன மணிங்க அடிக்கிற ட்யூன் இல்ல, அது முன்னாடியே அடிச்சு முடிச்சிடும், பெரிய மணியோட முதல் அடிதான் சரியான நேரம். ராத்திரி வந்தீங்கன்னா மணிக்கூடத்துக்கு மேல ஒரு விளக்கு எரியுதான்னு பாருங்க, அதுக்கு அயர்ட்டன் விளக்குன்னு பேரு, 1885-ல விக்டோரியா ராணி அரண்மனைல இருந்தே சபை நடக்குதான்னு தெரிஞ்சுக்க வச்சதுன்னு சொல்லுவாங்க, இருட்டுனப்புறம் ரெண்டு சபைல ஏதாவது ஒண்ணு கூடியிருந்தா எரியும்.

டிக்கெட் கெடைக்கலன்னா மனசு விட வேண்டாம், ஒரு பகல் 12 மணி, ஒரு ராத்திரி 9 மணின்னு ரெண்டு தடவ அக்கரைல நின்னு கேளுங்க, அதுக்குக் காசே இல்ல. வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷன்ல இறங்கி பாலத்தக் கடந்தா நடந்து போக பத்து நிமிஷம் கூட ஆகாது, வீல்சேர் தேவைப்பட்டாலும் அந்த ஸ்டேஷன்ல லிஃப்ட் இருக்கு.